பலகை சரியில்லை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பழமொழி செல்லாது. இங்கே தோற்றவன் வாயைத் திறக்கவே மாட்டான்; பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, கூடம்தான் கோணல் என்று அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். பனிச்சறுக்குப் போட்டியில் ஒருவன் எல்லோருக்கும் கடைசியாக வந்து, தாடியில் எச்சில் உறைந்துபோய், முடிவுக்கோட்டைத் தாண்டியதும் குப்புற விழுவான். அவனைத் தூக்கிவிடப் போகிறவன் கேட்கும் முதல் கேள்வி, "பலகை சரியில்லையா?" என்பதுதான். விழுந்தவன் தலையாட்ட வேண்டும். பலகைக்கு மெழுகு தேய்த்தவன் பக்கத்தில் நின்று, "என் தப்பு" என்று சொல்ல வேண்டும். பிறகு மூன்று பேரும் காப்பி குடிக்கப் போவார்கள்.

இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. மரியாதை என்று நினைக்கிறார்கள். உன் காலில் வலு இல்லை, நெஞ்சில் மூச்சு இல்லை என்று ஒருவன் முகத்துக்கு நேராகச் சொல்வது, பனி ஒட்டிய பூட்ஸோடு அவன் வீட்டுக் கூடத்துக்குள் நடப்பதற்குச் சமம்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. இந்த நாட்டின் மேற்குக் கரையில் ஒரு தீவில் பிறந்தவள். அங்கே பனி விழும், மறுநாளே மழை வந்து கழுவிவிட்டுப் போகும். என் அப்பா வெறும் வலையோடு திரும்பினால் அம்மா வலையைத் திட்டமாட்டாள், அப்பாவைத்தான் திட்டுவாள். அந்தப் பழக்கத்தோடு ஹால்வரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். வந்த முதல் குளிர்காலத்தில், சறுக்குச் சங்கத்தின் காப்பி மேசையில், சங்கத் தலைவன் தொர்பியோர்னிடம், "கடைசி ஏத்தத்துல உனக்கு மூச்சு வாங்கிருச்சே, பாத்தேன்" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். மேசை முழுக்கப் பேச்சு நின்றது. யாரோ வாஃபிள் தட்டை எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹால்வர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அடி மீன்காரி, அத்தனை பேர் முன்னாடி அவன் கால்சட்டையை உருவிட்டியே."

"மூச்சு வாங்குனது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அதை அவன் பொண்டாட்டிகூடச் சொல்ல மாட்டா."

அன்றிலிருந்து ஊருக்கே நான் மீன்காரி ஆனேன். குன்வோர் என்ற என் பெயரைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள் மட்டும்தான் சொல்வார்கள். அந்தப் பேருந்தை ஓட்டுவது நான்தான்.

பலகையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், அந்த அளவுக்குத் தெரியாமல் இல்லை. பலகையின் நடுவில் தேய்க்கும் மெழுகு ஏற்றத்தில் பனியைப் பிடிக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் தேய்ப்பது இறக்கத்தில் வழுக்க வேண்டும். காலையில் மாவு போலிருக்கும் பனி மதியத்துக்குள் ஈரமாகிவிடும். கணக்குத் தப்பினால், ஓர் அடி ஏறி இரண்டு அடி வழுக்க வேண்டியதுதான். இல்லை, காலுக்கடியில் பனி கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். "நல்ல பலகை கழுதையைக் குதிரையாக்காது. கெட்ட பலகை குதிரையைக் கழுதையாக்கிரும்" என்பான் ஸ்வைனுங்.

ஸ்வைனுங் ஹால்வரின் அண்ணன். இளவயதில் அவனும் ஓடியவன்தான். மூச்சு ஒத்துழைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் சொன்னதில்லை. வருஷக்கணக்காக அவனுக்கும் பலகைதான் சரியில்லாமல் இருந்தது. ஒருநாள் தானாகவே புரிந்துகொண்டு, போட்டியை விட்டுவிட்டு மெழுகு உருக்கும் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தான். எங்கள் வீட்டு நிலவறைதான் அவன் பட்டறை. தம்பியின் பலகைகள் சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் வரிசையாகச் சாய்ந்திருக்கும். குளிர்காலம் முழுக்க என் வீட்டில் சோற்றுக்கும் துணிக்கும் உருகிய மெழுகு வாசம். ஹால்வருக்குக் கால், ஸ்வைனுங்குக்குக் கை என்று ஊரில் சொல்வார்கள். ஹால்வர் வாங்கிய கோப்பைகளில் பாதி ஸ்வைனுங் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஹால்வரே கொண்டுபோய் வைத்தான். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத அந்த மனுஷனுக்குத் தம்பிதான் உலகம். அதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, இன்றைக்கும் சந்தேகப்படவில்லை.

அந்த ஜனவரியில் எங்கள் மகள் ஸின்னே பாலர் பள்ளியிலிருந்து காய்ச்சலைக் கொண்டுவந்தாள். அவளுக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஹால்வரைப் போட்டுப் புரட்டி எடுத்தது. காய்ச்சலோடு பயிற்சி செய்யக்கூடாது என்பது இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்; அவனும் படுத்தான். ஆனால் உடம்புச் சூடு இறங்கிய மறுநாளே எழுந்து சறுக்குத் தடத்துக்குப் போய்விட்டான். பிப்ரவரியில் நாட்டு அணிக்கான தேர்வுப் போட்டி எங்கள் ஊரிலேயே நடப்பதாக இருந்தது. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. இதை விட்டால் இன்னொன்று இல்லை என்று அவன் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் போட்டியில், அவனிடம் எப்போதும் தோற்கிற பையன்களெல்லாம் அவனுக்கு முன்னால் வந்தார்கள். கோட்டைத் தாண்டி, கையிலிருந்த சறுக்குக் கோல்களின் மேல் கவிழ்ந்து நின்றான். தொர்பியோர்ன் போய் முதுகைத் தட்டினான்.

"பலகை சரியில்லையா, ஹால்வர்?"

ஹால்வர் தலையாட்டினான். "பின்னாடி இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

"என் தப்பு" என்றான் ஸ்வைனுங். "பனி இன்னும் ஈரமாகும்னு நெனச்சுட்டேன்."

காப்பி குடிக்கப் போனார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஹால்வர் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், அப்படியும் அது ஆடியது.

அடுத்த வாரம் விறகு எடுத்துவர நிலவறைக்கு இறங்கியவன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் விறகு. மலை முழுக்க ஏறி இறங்குகிறவன், வீட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

"என்ன பண்றே இங்க?"

"ஒண்ணுமில்ல. ஸ்வைனுங் புது பலகைக்கு என்ன தேய்ச்சிருக்கான்னு யோசிச்சேன்."

"படிக்கட்டுக்கு என்ன தேய்ச்சிருந்தான்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "போடி."

"டாக்டர்கிட்ட போ ஹால்வர்."

"டாக்டர் மெழுகு தேய்ப்பாரா?"

"நான் பஸ் ஓட்றவ. ஏத்தத்துல வண்டி இழுக்கலேன்னா டயரை மட்டும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். எஞ்சினையும் திறந்து பாப்பேன்."

"அது பஸ்ஸு. இது பனி. உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி எழுந்தான். நானே டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கினேன். போக வேண்டிய அன்று காலை அவனே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டாவது போட்டி. முதலாவதைவிட மோசம். இந்த முறை தொர்பியோர்ன் கேட்பதற்கு முன்பே ஹால்வர் பலகையைக் கழற்றிப் பனியில் எறிந்தான். "இதை வச்சுக்கிட்டு என்னத்த ஓடறது" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். ஸ்வைனுங் குனிந்து பலகைகளைப் பொறுக்கி, ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்தான். "என் தப்பு" என்றான். திட்டு வாங்கிய பிள்ளை போல முகம். எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது. தேர்வுப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஸ்வைனுங் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்கள் நிலவறையிலேயே குடியேறினான். நகரத்துக்குப் போய்ப் பலகையின் அடிப்பக்கத்தை இயந்திரத்தில் புதிதாகச் சீவிக்கொண்டு வந்தான். ஊரே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹால்வரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஒரு மதியம், பேருந்தை நிறுத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது ஸ்வைனுங் வாசலில் நின்றான்.

"உனக்கு ஒரு அரைமணி நேரம் இருக்கா? பலகை சோதிக்கணும். கூட வர்றவனுக்கு உடம்பு சரியில்ல."

"என்னைவிட மோசமா சறுக்கறவ இந்த ஊர்லயே கிடையாதே."

"சும்மா நின்னாப் போதும். விழாம நிப்பே இல்ல?"

வீட்டுக்குப் பின்னால் சீரான சரிவு ஒன்று இருக்கிறது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம். உச்சியில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு புறப்பட வேண்டும். வேகம் பிடித்ததும் கையை விட்டுவிட வேண்டும். அப்புறம் கோலை ஊன்றக்கூடாது, காலை அசைக்கக்கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும். யார் முன்னால் போகிறாரோ அவர் காலில் இருப்பது நல்ல பலகை. ஆள் யார் என்பது அதில் சேராது. எடை மட்டும் கொஞ்சம் சேரும். கனமானவன்தான் முன்னால் போவான். ஸ்வைனுங் என்னைவிட நல்ல கனம். அவன் நகரத்தில் சீவிவந்த புதுப் பலகையில் நின்றான். ஒப்பிட்டுப் பார்க்க, ஹால்வர் பனியில் எறிந்த பழைய ஜோடியை எனக்குக் கொடுத்தான்.

கையை விட்டோம். நான் முன்னால் போனேன். கொஞ்ச நஞ்சமில்லை, முதலில் ஒரு முழம், பிறகு அவனையே பின்னால் விட்டுவிட்டுப் போனேன். இந்த ஊரில் பிறந்த ஸ்வைனுங்கைத் தீவில் பிறந்தவள் முந்திக்கொண்டு போகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே போய் நின்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இது அன்னைக்கு எறிஞ்சதுதானே?" என்றேன்.

"ஆமா."

"இது இழுக்குதா?"

அவன் கோலின் முனையால் பனியைக் கிளறினான்.

"ஸ்வைனுங், உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"போட்டி அன்னைக்குக் காலையில சோதிக்காம குடுப்பேனா?" என்றான். "தெரியும். அன்னைக்கு அங்க இருந்த எல்லாப் பலகையிலயும் இதான் நல்லா ஓடுச்சு."

"அதுக்கு முந்தின போட்டி?"

"அதுவும்தான்."

"அப்போ ஏன் என் தப்பு, என் தப்புன்னு சொல்றே?"

"வேற என்ன சொல்றது? நாக்குத் தள்ளி வந்து நிக்கறவன்கிட்ட, பலகை நல்லாத்தாண்டா இருந்துச்சு, உன் உடம்புதான் போயிருச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. அதைத்தான் சொல்லச் சொல்றேன். படியில உக்காந்து மூச்சு விடறான். ராத்திரி வேர்த்துச் சட்டை நனையுது. பலகையில ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சாத்தான் அவன் உடம்பைப் பாப்பான்."

ஸ்வைனுங் பலகையைக் கழற்றி, பழக்கத்தில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கு ஒருத்தரும் சொல்லல, குன்வோர்" என்றான். என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "எத்தனை வருஷம் ஓடினேன். ஒருத்தர்கூடச் சொல்லல. அது எவ்வளவு பெரிய உபகாரம்னு உனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் ஹால்வரிடம் சொன்னேன். சரிவில் நடந்ததை அப்படியே சொன்னேன். அவன் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

"நீ தப்பாப் பாத்திருப்பே."

"உங்க அண்ணனைத் தாண்டிப் போனேன் ஹால்வர். என்னோட கனத்துல."

"சரி. ஸ்வைனுங் சொல்லட்டும்" என்றான். "பலகை நல்லா இருந்துச்சுன்னு அவன் என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன். போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தான். யாராவது நிறுத்தினால் நின்றுவிடத் தயாராக இருந்தான். நிறுத்துகிற ஆள் அவன் அண்ணனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன்.

ஸ்வைனுங் இஸ்திரிப்பெட்டியோடு நின்றிருந்தான். பலகையின் மேல் மெழுகு புகைந்துகொண்டிருந்தது. ஹால்வர் கடைசிப் படியிலேயே நின்றான். இறங்கிவந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது, அதை வாயை மூடி மறைத்தான்.

"ஸ்வைனுங், ஒண்ணு கேக்கறேன். உள்ளதைச் சொல்லு. அந்த ரெண்டு போட்டியிலயும் பலகை நல்லா இருந்துச்சா?"

ஸ்வைனுங் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். பிறகு தம்பியைப் பார்த்தான். சாம்பல் பூத்த முகமும் கைப்பிடியைப் பற்றிய கையும் எனக்குத் தெரிந்தன. அவனுக்கு வேறு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் தன் பின்னாலேயே தடம் பிடித்து ஓடிவந்த பயல் தெரிந்திருப்பானோ என்னவோ.

"இல்லடா" என்றான். "நான்தான் சொதப்பிட்டேன். இந்தத் தடவை பாரு."

ஹால்வரின் தோள் தளர்ந்தது. பயம் போய்விட்டதில் வந்த தளர்ச்சி அது. "நான் சொன்னேனே" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேலே போனான். பாதிப் படியில் நின்று, பிறகு போனான். நான் ஸ்வைனுங்கைக் கன்னத்தில் அறைந்தேன். அவன் இஸ்திரிப்பெட்டியைப் பலகையிலிருந்து தூக்கிப் பத்திரமாகத் தாங்கியில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குக் காத்திருப்பவன் போல நின்றான். எனக்கு அழுகைதான் வந்தது.

தேர்வுப் போட்டியன்று பனி இரண்டும்கெட்டானாக இருந்தது. உருகவும் இல்லை, உறையவும் இல்லை. மெழுகு தேய்ப்பவர்களுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. மற்ற சங்கத்துக்காரர்கள் கடைசி நிமிடம்வரை தேய்ப்பதும் சுரண்டுவதுமாக இருந்தார்கள். ஸ்வைனுங் மட்டும் ஒருமுறை தேய்த்துவிட்டு, கை கட்டி நின்றான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு பலகை செய்ததில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஸின்னேயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் கடைசி ஏற்றத்தின் உச்சியில், வெதுவெதுப்பான பழச்சாற்றுக் கோப்பையோடு நின்றேன். ஒரே பாதையை மூன்று சுற்று சுற்ற வேண்டும். உச்சியிலிருந்து நீண்ட இறக்கம், அதன் அடியில் மைதானம். கூட்டமெல்லாம் இறக்கத்தின் ஓரத்தில்தான் நின்றது, அங்கேதான் வேகத்தைப் பார்க்கலாம். ஏற்றத்தில் நானும் தொர்பியோர்னும் இன்னும் நாலைந்து பேரும்.

முதல் சுற்றில் ஹால்வர் மற்றவர்களுக்குச் சமமாக வந்தான். ஏற்றத்தில் அவனை இரண்டு பேர் முந்தினார்கள். உச்சியைத் தாண்டி உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கியதும், அந்த இரண்டு பேரையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போனான். கீழே கூட்டம் ஆரவாரித்தது.

"பாத்தியா மீன்காரி" என்றான் தொர்பியோர்ன். "பலகைதான். நாங்க சொன்னமே."

"இறக்கத்துல பலகை ஓடுது. ஏத்தத்துல யாரு ஓடறா, அதைப் பாரு."

"கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரேன்" என்றான், கோபமில்லாமல்.

இரண்டாவது சுற்றில் அவன் உதடு பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. நான் கோப்பையை வீசிவிட்டு அவன் பக்கத்திலேயே பனியில் ஓடினேன். "நில்லு ஹால்வர், போதும், நில்லு" என்றேன். அவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

"ஸ்வைனுங்கிட்ட சொல்லு" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "பலகை அருமையா இருக்கு."

மூன்றாவது சுற்றில் ஏற்றத்தில் கிட்டத்தட்ட நடந்துதான் வந்தான். நான் தடத்தை மறித்து நிற்கப் போனேன். தொர்பியோர்ன் என்னைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "விடு, இறக்கத்துல பிடிச்சிருவான்" என்றான். ஹால்வர் எங்களைக் கடந்துபோய், உச்சியில் உடம்பைக் குறுக்கினான்.

அதற்குப் பிறகு அவன் நிமிரவில்லை. பலகைகள் தடத்தில் பொருந்தி, நேராக, சத்தமே இல்லாமல் ஓடின. முன்னால் போன ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனையும் தாண்டினான். கூட்டம் கைதட்டியது. இவ்வளவு தாழக் குனிந்து, இவ்வளவு அசையாமல் யாரும் இறங்கி அவர்கள் பார்த்ததில்லை. இறக்கம் முடிந்து மைதானத்தின் சமதரை வந்தும் பலகைகள் நிற்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து கோல் ஊன்ற வேண்டிய இடத்தில், அவன் குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தான். வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, பலகைகள் தாமாகவே நின்றபோதுதான் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். உயிர் எங்கே போனது, எந்த இடத்தில் போனது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு நல்ல பலகை.

நான் கீழே ஓடிச் சேர்ந்தபோது ஸ்வைனுங் அவன் காலடியில் முழந்தாளிட்டிருந்தான். மருத்துவ உதவியாளர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஸ்வைனுங்கைப் பலகையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றினான். கழற்றியதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அதற்காகவும் நான் அவனை மன்னிக்கவில்லை.

காய்ச்சல் இதயத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சில வாரம் படுத்திருந்தால் எழுந்திருப்பான் என்றும் சொன்னார். எழுந்திருக்கலாம் என்றுதான் சொன்னாரோ என்னவோ, எனக்கு எழுந்திருப்பான் என்றுதான் காதில் விழுந்தது.

தேவாலயத்துக் கல்லறையில் அடக்கம் முடிந்து, எல்லோரும் சங்கத்துக் கூடத்துக்கு வந்தார்கள். ரொட்டி, கேக், காப்பி. அதே நீள மேசை. ஸின்னே என் மடியில் உட்கார்ந்து பழுப்புப் பாலாடைக்கட்டியை மட்டும் ரொட்டியிலிருந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எதிரில் ஸ்வைனுங். அவன் பக்கத்தில் தொர்பியோர்ன். பனியைப் பற்றிப் பேசினார்கள், இந்த வருஷம் சீக்கிரம் உருகிவிடும் என்று பேசினார்கள். ஹால்வரைப் பற்றி எல்லோரும் நல்லது சொன்னார்கள்.

"ஸ்வைனுங்" என்றேன். "ஹால்வர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். ரெண்டாவது சுத்துல. நான் இன்னும் சொல்லல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பலகை அருமையா இருக்காம்."

ஸ்வைனுங்கின் வாய் கோணியது. கோப்பையைக் கீழே வைத்தான். அப்புறம், அத்தனை பேர் முன்னாலும், நான் நிலவறையில் கெஞ்சிக் கேட்ட அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது.

"எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "முதல் போட்டியில நல்லா இருந்துச்சு. ரெண்டாவதுலயும் நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியும். அவன் கேட்டான், நான் சொல்லல."

நான் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அவன் அழுதிருப்பான், நானும் அழுதிருப்பேன்.

தொர்பியோர்ன் தன் பெரிய கையை அவன் முதுகில் வைத்தான். அன்பாகத்தான் வைத்தான்.

"அப்படியெல்லாம் பேசாதே ஸ்வைனுங்" என்றான். "அந்த மாதிரிப் பனியில யாரு என்ன பண்ண முடியும். பலகை சரியில்ல. அவ்வளவுதான்."

ஸ்வைனுங் அவனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினான்.